பனியுகப் பெருவிலங்குகள் ஏன் மறைந்தன? பிழைத்தவற்றைப் பார்த்தால் தெரியும்

கேள்வி இதுதான்: மாமூத் என்ற பனியுக யானை, வாள்பல் பூனை, மெதுவாக நகரும் ஸ்லாத்தின் ராட்சத வகைகள் எல்லாம் பனியுகம் முடிந்து உலகம் சூடானதால் அழிந்தனவா, இல்லை மனிதன் வேட்டையாடித் தீர்த்தானா? கூடவே ஒரு சந்தேகமும் கேட்கப்பட்டது: கையில் கல் ஈட்டி மட்டும் வைத்திருந்த சில ஆயிரம் பேரால் ஒரு கண்டத்தையே எப்படிக் காலி செய்ய முடியும்?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தட்பவெப்பம் பல இனங்களை நெருக்கியது உண்மை. ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகும் அவற்றால் மீண்டு வர முடியாமல் போனதற்குப் பெரும்பாலான இடங்களில் மனிதன்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஈட்டி குத்திய எலும்புகளை வைத்து இதைச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட எலும்புகள் மிகக் குறைவாகத்தான் கிடைத்திருக்கின்றன. எந்த விலங்கு எங்கே, எவ்வளவு காலம் பிழைத்தது என்று பார்க்கும்போதுதான் காரணம் தெளிவாகிறது.

முதலில் இழப்பின் அளவு. ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 10,000 ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான காலத்தில், 44 கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்குகளின் பேரினங்களில் (நெருங்கிய இனங்களின் தொகுதிகளில்) ஆஸ்திரேலியா கிட்டத்தட்ட 90 சதவீதத்தை இழந்தது. தென் அமெரிக்கா சுமார் 80 சதவீதம், வட அமெரிக்கா சுமார் 70 சதவீதம். ஆப்பிரிக்கா 20 சதவீத அளவோடு தப்பித்தது. ஒட்டகம் என்றால் அரேபியா, குதிரை என்றால் மத்திய ஆசியா என்று நாம் நினைக்கிறோம். இரண்டும் தோன்றி வளர்ந்த மண் வட அமெரிக்கா. அங்கே மாமூத்தும், யானையின் தூரத்து உறவான மாஸ்டோடானும் இருந்தன, சிங்கம் இருந்தது, கரடிப் பருமனில் ஒரு பீவர்கூட இருந்தது. அத்தனையும் போயிற்று. 1519-ல் ஸ்பானியர்கள் மெக்சிகோ கரையில் குதிரைகளை இறக்கியபோது, சுமார் 10,000 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பம் தன் பூர்வீகக் கண்டத்துக்குத் திரும்பி வந்தது.

தட்பவெப்பத்தைக் காரணமாகச் சொல்பவர்களின் வாதம் லேசானதல்ல. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன் பனி உச்சத்தில் இருந்தது. 14,700 ஆண்டுகளுக்கு முன் சட்டென்று சூடானது. 12,900 ஆண்டுகளுக்கு முன் மறுபடி குளிர் வந்து 1,200 ஆண்டுகள் நீடித்தது. இதை யங்கர் டிரையஸ் என்பார்கள். அது முடிந்தபோது கிரீன்லாந்தில் ஒரு மனித ஆயுளுக்குள்ளேயே வெப்பநிலை பல டிகிரி ஏறியது. ஸ்பெயினிலிருந்து சைபீரியா வழியாகக் கனடா வரை பரந்திருந்த உலர்ந்த குளிர்ப் புல்வெளி சுருங்கி, சதுப்பும் பாசியும் காடுமாக மாறியது. ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் புல் தின்ன வேண்டிய விலங்குக்குப் பாசி எப்படிப் போதும்?

2011-ல் ஆறு பனியுக விலங்குகளின் தொல் டிஎன்ஏவை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. கம்பளிக் காண்டாமிருகமும் யூரேசியாவின் கஸ்தூரி எருதும் குறைந்ததற்குத் தட்பவெப்பம் மட்டுமே போதுமான காரணம் என்றது. புல்வெளிக் காட்டெருமைக்கும் காட்டுக் குதிரைக்கும் தட்பவெப்பம், மனிதன் இரண்டும் சேர்ந்த காரணம். மாமூத்துக்கு அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லா விலங்குக்கும் ஒரே காரணத்தை எழுதிவிட்டுப் போகிறவர்களை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, தட்பவெப்பம் மட்டும்தான் காரணம் என்றால் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் பனிக்காலம் ஏறக்குறைய லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை வந்து வந்து போயிருக்கிறது. ஒவ்வொரு முறையும் நடுவில் ஒரு வெப்பகாலம். சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பகாலம் நம் காலத்தைவிடச் சற்றுச் சூடானது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 6 மீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தது. லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு அடியில் நீர்யானை எலும்புகள் கிடைக்கின்றன, அவை அந்தக் காலத்தவை. அப்போது மாமூத்துகள் வடக்கே ஒதுங்கின, எண்ணிக்கையில் குறைந்தன, குளிர் திரும்பியதும் மறுபடி பரவின. இத்தனை முறை தாக்குப்பிடித்த விலங்குகள் கடைசி முறை மட்டும் ஏன் கண்டம் கண்டமாக விழுந்தன? முந்தைய வெப்பகாலங்களில் இல்லாத ஒன்று இந்த முறை இருந்தது: ஒதுங்கப் போன இடத்தில் ஈட்டியோடு ஆட்கள் இருந்தார்கள்.

இப்போது அந்தச் சந்தேகத்துக்கு வருவோம். சில ஆயிரம் பேரால் முடியுமா? முடியும், அதற்குப் பெரிய படுகொலை எதுவும் தேவையில்லை. யானையின் கர்ப்பகாலம் 22 மாதம். பெண் யானை முதல் கன்றை ஈன்றெடுக்கவே பன்னிரண்டு வயதைத் தாண்டிவிடும், அப்புறம் நான்கைந்து ஆண்டுக்கு ஒரு கன்று. மாமூத்தும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். குறைந்த வட்டிக்குப் போட்ட பணம் மாதிரி இது. வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டே வந்தால் முதல் கரைந்துகொண்டே போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய நிலப்பரப்பில் 10,000 மாமூத் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். பிறப்பு இறப்பெல்லாம் போக, வேட்டையால் மொத்தத்தில் ஆண்டுக்கு 2 சதவீதம் குறைகிறது. ஐம்பது மாமூத் இருக்கும் இடத்தில் ஆண்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். 35 ஆண்டில் எண்ணிக்கை பாதியாகிவிடும். 350 ஆண்டில் மிஞ்சுவது பத்துக்கும் கீழே. ஒரு வேடன் தன் ஆயுளில் பார்ப்பது 'தாத்தா காலத்தில் இன்னும் நிறைய இருந்ததாம்' என்கிற அளவு மாற்றம் மட்டுமே. தாங்கள் ஓர் இனத்தை முடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது அங்கே யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. 350 ஆண்டு என்பது மண்ணடுக்கில் கண்ணுக்கே தெரியாத காலம். நமக்கு அது திடீர் அழிவாகத் தெரிகிறது.

இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. நியூசிலாந்தில் இதுவே நடந்தது. மோவா என்ற பறக்காத பறவைகள் அங்கே ஒன்பது இனம், பெரியவை 200 கிலோவைத் தாண்டும். மனிதர் கி.பி. 1300-ஐ ஒட்டித்தான் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 150 ஆண்டுகளில் ஒன்பதும் போயின. அந்தக் காலத்தில் பனியுக முடிவு போன்ற தட்பவெப்ப மாற்றம் எதுவும் நடக்கவில்லை, காடும் தானாக மாறவில்லை. இரண்டு பெரிய தீவுகளிலும் சேர்த்து மனிதர்கள் அப்போது சில ஆயிரம் பேரைத் தாண்டியிருக்கமாட்டார்கள் என்பதுதான் இன்றைய மதிப்பீடு.

பிழைத்தவற்றின் பட்டியலைப் பார்த்தால் இந்த இனப்பெருக்கக் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரியும். ஆஸ்திரேலிய உயிரியலாளர் கிறிஸ் ஜான்சன் 2002-ல் காட்டியது இது: அழிந்தவற்றுக்கெல்லாம் பொதுவானது பெரிய உடம்பைவிட மெதுவான இனப்பெருக்கம்தான். உடம்பு சிறியதாக இருந்தாலும் மெதுவாகக் குட்டி போட்ட விலங்குகள் போயின. மெதுவாகக் குட்டி போட்டும் பிழைத்தவை மரத்தில் வாழ்பவை, இரவில் நடமாடுபவை, மனிதன் எளிதில் போகாத மலைகளிலும் அடர்காட்டிலும் இருப்பவை. ஸ்லாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மெகாதெரியம் போன்ற தரையில் நடந்த ஸ்லாத்துகள் ஏறக்குறைய யானைக்கு ஈடானவை, நான்கு டன் இருக்கும். அவற்றில் ஒன்றுகூட இன்று இல்லை. மரக்கிளையில் தொங்கும் சிறிய ஸ்லாத்துகள் மட்டும் மிஞ்சின. ஈரப்பதம் கூடியதோ புல் குறைந்ததோ காரணம் என்றால் இரவு, மரம், மலை என்று பிரித்துப் பார்த்து அழித்திருக்காது. வேட்டைக்கண்ணுக்குத்தான் அந்த வித்தியாசம் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த சான்று சாணத்திலிருந்து வருகிறது. ஸ்போரோர்மியெல்லா என்று ஒரு பூஞ்சை உண்டு. புல் மேயும் விலங்கு அதன் வித்தை இலையோடு விழுங்க வேண்டும். அது குடலைக் கடந்து சாணத்தில் வந்து முளைத்தால்தான் அதன் வாழ்க்கைச் சுழற்சி நிறைவடையும். பெரிய விலங்குகள் நிறைய இருந்தால் சாணம் நிறைய, வித்தும் நிறைய. அந்த வித்துகள் மழையில் அடித்துச் செல்லப்பட்டு ஏரி அடியில் படிகின்றன. அதே சேற்றில் மரங்களின் மகரந்தமும் காட்டுத்தீயின் கரித்துகளும் படிந்திருக்கும். ஏரியின் அடியில் குழாயை இறக்கிச் சேற்றை நீளமாக எடுத்து, மெல்லிய அடுக்கடுக்காக மைக்ரோஸ்கோப்பில் எண்ணிக்கொண்டே வந்தால் விலங்கு, செடி, தீ மூன்றின் வரலாறும் ஒரே சேற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். எது முதலில் நடந்தது என்று பார்த்துவிடலாம். எலும்பு இந்த வரிசையைச் சொல்லாது, ஏனென்றால் ஓர் இனத்தின் கடைசி விலங்கின் எலும்பு நம் கைக்குக் கிடைக்க வாய்ப்பே குறைவு.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஆப்பிள்மன் ஏரியில் ஜாக்குலின் கில் குழுவினர் இதைச் செய்து 2009-ல் வெளியிட்டார்கள். சாணப் பூஞ்சையின் வித்துகள் 14,800 ஆண்டுகளுக்கு முன் குறையத் தொடங்கி 13,700 ஆண்டுகளுக்கு முன் அடிமட்டத்துக்கு வந்துவிட்டன. காட்டின் அமைப்பு மாறியதும் தீ பெருகியதும் அதற்கு அப்புறம். காடு மாறியதால் விலங்கு போனது என்று நினைத்தோம். அந்த ஏரியில் விலங்கு போனதால் காடு மாறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லிஞ்ச் எரிமலைவாய்ச் சேற்றிலும் இதே வரிசை: சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் வித்துகள் விழுகின்றன, பிறகு கரித்துகள் ஏறுகிறது, பிறகு மழைக்காட்டு மரங்கள் குறைகின்றன. அந்தச் சமயத்தில் அங்கே பெரிய தட்பவெப்ப மாற்றம் எதுவும் இல்லை. மனிதர்கள் மட்டும் அந்தக் கண்டத்துக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தார்கள்.

இண்டியானாவின் தேதி இன்னொன்றையும் சொல்கிறது. ரொம்பக் காலம் பாடப்புத்தகங்களில் இருந்தது பால் மார்ட்டின் முன்வைத்த மின்னல்வேகப் படையெடுப்புக் கதை: சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முன் கிளோவிஸ் எனப்படும் கல் ஈட்டிமுனைப் பண்பாட்டு வேட்டைக்காரர்கள் ஆளில்லாத அமெரிக்காவுக்குள் நுழைந்தார்கள், ஆயிரம் ஆண்டுக்குள் தென்முனை வரை எல்லாவற்றையும் தீர்த்தார்கள். அந்த வடிவத்தில் இதை இனி காப்பாற்ற முடியாது. இண்டியானாவில் வீழ்ச்சி கிளோவிஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் பகுதியில் 21,000 முதல் 23,000 ஆண்டு பழமையான மனிதக் காலடித் தடங்கள் 2021-ல் அறிவிக்கப்பட்டன. அப்படியானால் மனிதனும் பெருவிலங்கும் அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள்.

அதே ஒயிட் சாண்ட்ஸில் இன்னொரு தடவரிசை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம் போகிறது. ஒரு பெண்ணோ இளைஞரோ குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு வேகவேகமாக நடந்திருக்கிறார்; நடுநடுவே இறக்கி விட்ட குழந்தையின் சின்னப் பாதமும் பதிந்திருக்கிறது. அதே வழியில் திரும்பி வரும்போது குழந்தை இல்லை. அவர் போய் வருவதற்குள் ஒரு மாமூத்தும் ஒரு ராட்சத ஸ்லாத்தும் அந்தத் தடத்தைக் கடந்திருக்கின்றன. மாமூத் நேராக நடந்து போய்விட்டது. ஸ்லாத் மட்டும் அந்த இடத்தில் நின்று, பின்னங்காலில் எழுந்து சுற்றியிருக்கிறது, மனித வாடையை முகர்ந்ததுபோல. அந்த விலங்கு மனிதனை அறிந்திருந்தது என்று இந்தத் தடத்தைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுகிறது.

வேட்டைக்கு நேரடிச் சான்று குறைவு என்ற ஆட்சேபம் நியாயமானது. தொல்லியலாளர்கள் டொனால்டு கிரேசன், டேவிட் மெல்ட்சர் இருவரும் வட அமெரிக்காவில் ஐயத்துக்கிடமில்லாத வேட்டைக்களங்களைச் சலித்துப் பார்த்தபோது 14 மட்டுமே தேறின, அவையும் மாமூத், மாஸ்டோடான் இரண்டுக்கு மட்டும். ஒட்டகத்துக்கும் ஸ்லாத்துக்கும் எங்கே சான்று என்று அவர்கள் கேட்டார்கள். ஆண்டுக்கு 2 சதவீதம் என்ற கணக்கில் எத்தனை களங்கள் 13,000 ஆண்டு தாண்டி நம் கைக்கு வரும் என்று யோசித்தால் 14 எனக்குக் குறைவாகத் தெரியவில்லை. கிடைத்தவையும் வலுவானவை. வாஷிங்டன் மாநிலத்தில் 1977-ல் இமானுவல் மேனிஸ் என்ற விவசாயி குளம் வெட்டும்போது ஒரு மாஸ்டோடான் வெளிப்பட்டது. அதன் விலா எலும்பில் ஒரு முனை உள்ளே குத்தி நிற்கிறது. சிடி ஸ்கேனும் டிஎன்ஏவும் பார்த்ததில் அந்த முனையே இன்னொரு மாஸ்டோடானின் எலும்பில் செய்தது என்று தெரிந்தது. அதன் வயது ஏறக்குறைய 13,800 ஆண்டு, கிளோவிஸுக்கும் முந்தியது. 2024-ல் இன்னொரு ஆய்வு: மொண்டானாவில் சுமார் 12,800 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒன்றரை வயதுக் குழந்தையின் எலும்பில் இருந்த ஐசோடோப்புகளிலிருந்து (ஒரே தனிமத்தின் வெவ்வேறு எடையுள்ள அணுக்கள்), பாலூட்டிய தாய் என்ன தின்றார் என்று கணக்கிட்டார்கள். அவர் உணவில் சுமார் 40 சதவீதம் மாமூத் இறைச்சி.

தீவுகள் தனி வழக்கு, அவற்றில் இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது. கியூபா, ஹிஸ்பானியோலா தீவுகளில் ஸ்லாத்துகள் பனியுக முடிவைச் சாதாரணமாகத் தாண்டின. கண்டத்து உறவினர்கள் போய் ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டு கழித்தும் உயிரோடு இருந்து, மனிதர்கள் படகில் வந்த காலத்தை ஒட்டி மறைந்தன. ஒரே தட்பவெப்ப மாற்றம், ஆனால் சாவு வந்தது ஆள் வந்த பிறகு. எதிர்ப்பக்கத்தில் அலாஸ்காவின் செயின்ட் பால் தீவு. அங்கே மாமூத்துகள் சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் வரை இருந்தன. மனிதர்கள் 18-ஆம் நூற்றாண்டு வரை அங்கே காலடி வைக்கவில்லை. கடல் ஏறித் தீவு சிறுத்தது, குடிநீர் ஏரி வற்றி உப்பேறியது, மாமூத்துகள் தண்ணீர் இல்லாமல் முடிந்தன. அங்கே மனிதன் மேல் பழி இல்லை.

ரேங்கல் தீவின் மாமூத்துகள் இன்னும் விசித்திரம். ஆர்க்டிக் கடலில் இருக்கும் அந்தத் தீவு சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் துண்டிக்கப்பட்டபோது அங்கே சிக்கியவற்றில் இனம் பெருக்கியவை எட்டுக்கு மேல் இருக்காது என்று 2024-ல் மரபணு ஆய்வு சொன்னது. அந்த எட்டு 200, 300 ஆகப் பெருகி ஆறாயிரம் ஆண்டு நிலைத்து, 4,000 ஆண்டுகளுக்கு முன் திடீரென முடிந்தன. கீசாவின் பிரமிடுகள் கட்டப்பட்டு சில நூறு ஆண்டுகள் கழிந்த காலம் அது. எட்டிலிருந்து ஆறாயிரம் ஆண்டு தாங்கியிருக்கின்றன என்றால், சூடான உலகில் மாமூத் வாழவே முடியாது என்ற பேச்சு எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நம் ஊரில் யானை ஏன் இன்னும் இருக்கிறது என்றும் சிலர் கேட்பார்கள். இதே கேள்வியின் இன்னொரு முகம் அது. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் வருவதற்கு வெகு முன்பே, கல்லாயுதம் பிடித்த மனித முன்னோர் இந்தியத் துணைக்கண்டத்தில் உலவினார்கள். ஆப்பிரிக்காவைப் போலவே இங்கும் விலங்குகள் இரண்டு கால் வேடனோடு நீண்ட காலம் பழகி, அஞ்சவும் ஒதுங்கவும் கற்றுக்கொண்டன. இங்கும் இழப்பு இல்லாமல் இல்லை. கங்கைச் சமவெளியிலும் நர்மதைக் கரையிலும் நீர்யானை இருந்தது. இன்றைய யானையைவிடப் பெரிய நேர்த்தந்த யானை, யானையின் உறவான ஸ்டெகோடான், ஒரு குதிரையினம், நெருப்புக்கோழி இவையும் இருந்தன. மகாராஷ்டிரத்தின் பட்னேயில் நெருப்புக்கோழி முட்டையோட்டில் கீறல் கோலம் போட்டிருக்கிறார்கள். இவை மறைந்தன, ஆனால் பட்டியல் சிறியது. யானை, காண்டாமிருகம், காட்டெருது, புலி நம்மோடு தங்கின. நம் இனம் வந்து சேரும்வரை மனிதனைப் பார்த்தே இராத அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் அடி பலமாக விழுந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் வால்நட்சத்திரம் விழுந்து எல்லாம் அழிந்தது என்ற கருத்தும் 2007 முதல் சுற்றுகிறது. ஆஸ்திரேலிய அழிவு அதற்கு முப்பதாயிரம் ஆண்டு முந்தியது, கியூபா ஸ்லாத் பல ஆயிரம் ஆண்டு பிந்தியது. ஒரே நாளில் விழுந்த எதுவும் இதை விளக்காது.

எது கிடைத்தால் என் கருத்து மாறும் என்றும் சொல்ல வேண்டும். 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெப்பகாலத்து ஏரிச் சேறு வட அமெரிக்காவில் பல இடங்களில் எடுக்கப்பட்டு, அதிலும் சாணப் பூஞ்சை வித்துகள் 14,000 ஆண்டுகளுக்கு முன் விழுந்ததுபோல் அடியோடு விழுந்து பிறகு ஏறியிருந்தால், தட்பவெப்பத்தின் கை நான் நினைப்பதைவிட நீளம் என்று ஒப்புக்கொள்வேன். செயின்ட் பால் மாதிரி ஆளே போகாத தீவுகள் இன்னும் சில அதே காலத்தில் தங்கள் பெருவிலங்கை இழந்ததாகத் தெரிந்தாலும் அப்படித்தான். தென் அமெரிக்காவில் மீன்வால் வடிவ ஈட்டிமுனைகள் பெருகிய காலமும் பெருவிலங்குகள் குறைந்த காலமும் இப்போதைக்கு ஒன்றாக வருகின்றன. அங்கே தேதிகள் துல்லியமாகி இரண்டும் விலகினால், அந்தக் கண்டத்தைப் பற்றி நான் சொன்னதை மறுபடி எழுதுவேன்.